மைதானத்தில் கற்றதை வேலை தருவோர் அறியச் செய்வோம்

எமது கிராமங்களில் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் ஊரே மைதானத்தில் கூடிநிற்கும். கோட்டமட்டம், வலயமட்டம், மாகாணமட்டம் என்று பிள்ளை முன்னேறும்போது பெற்றோரும் ஆசிரியர்களும் பூரித்துப்போகின்றனர். ஆனால் க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. சான்றிதழ்கள் கோவைக்குள் போய்விடுகின்றன. வெற்றிக் கிண்ணங்களில் தூசி படிகிறது. "ஓடி ஆடித் திரிந்து என்னத்தைக் கண்டாய்?" என்று வீட்டாரே கேட்கும் நாளும் வருகிறது.

அந்தப் பிள்ளை கண்டது அதிகம். அதை வேலை தருவோருக்கு எடுத்துச்சொல்லும் வழி தெரியாமையே குறை.

விளையாட்டில் உச்சம் தொட்டவர்களை நிறுவனங்கள் தாமாகவே நாடுவதுண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து சென்று இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் நீண்டகாலம் விளையாடிய தர்ஜினி சிவலிங்கம், சேலான் வங்கியின் அணிக்காகவும் விளையாடியவர். இராணுவம், பொலிஸ் போன்றவற்றிலும் விளையாட்டு வீரர்களுக்கு இடமுண்டு. ஆனால் வலயமட்டத்திலோ மாகாணமட்டத்திலோ நின்றுவிட்டவர்களே எம்மிடையே மிகப் பலர். இக்கட்டுரை அவர்களுக்கானது.

தெரிந்தவர் இல்லாதவர்களுக்கு

"ஆள் தெரிந்தால்தான் வேலை" என்பது எமது ஊர்களில் வழங்கும் பேச்சு. அதில் உண்மையும் உண்டு. கொழும்பில் மாமனோ சித்தப்பாவோ உள்ள பிள்ளைக்கு வெற்றிடம் பற்றிய செய்தி முதலில் கிடைக்கிறது. தோட்டத்திலோ கரையோரக் கிராமத்திலோ உள்ள பிள்ளை, விண்ணப்ப முடிவு நாள் கடந்த பின்னரே கேள்விப்படுகிறது.

இந்த இடைவெளியை ஓரளவு குறைக்க உதவுபவை தொழில்சார் வலையமைப்புத் தளங்கள். இவற்றுள் பெரியது லிங்க்ட்இன். 2003இல் தொடங்கப்பட்ட இதனை 2016இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வாங்கியது. 16 வயது நிரம்பியவர்கள் கட்டணமின்றி இதில் கணக்குத் திறக்கலாம். முகநூல் போல இது பொழுதுபோக்குக்கான இடமன்று. படிப்பு, தொழில், திறமை ஆகியவற்றை எழுதிவைத்து, அதே துறையில் உள்ளவர்களோடு அறிமுகமாகும் இடம்.

விளையாட்டைத் தொழில் மொழியில் எழுதுதல்

கணக்கியல் கற்கும் வலைப்பந்தாட்ட அணித்தலைவி ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். அவர் தன்னைப் பற்றி "நான் கடின உழைப்பாளி, தலைமைத்துவம் உள்ளவள்" என்று எழுதினால் எவரும் நின்று வாசிக்கப்போவதில்லை. எல்லோரும் எழுதும் வசனம் அது. அதற்குப் பதிலாக அவர் செய்ததையே எழுதலாம்: "இரண்டு ஆண்டுகள் பாடசாலை அணித்தலைவி. 12 பேருக்கான பயிற்சி நேரத்தை ஒழுங்குசெய்தேன். சீருடைக்குச் சேர்த்த பணத்தின் கணக்கை எழுதினேன். அணி மாகாணமட்டத்தில் மூன்றாமிடம் பெற்றது." இதை வாசிக்கும் முகாமையாளர், இப்பிள்ளை நேரத்தையும் பணத்தையும் ஆட்களையும் பொறுப்பேற்றுப் பழகியவள் என்று தாமே விளங்கிக்கொள்வார்.

காலையில் பயிற்சி, பகலில் வகுப்பு, மாலையில் மீண்டும் பயிற்சி என்று வாழ்ந்தவருக்கு நேர ஒழுங்கு தெரியும். தோல்வியடைந்த மறுநாளே பயிற்சிக்கு வந்தவருக்குப் பொறுமை தெரியும். இவற்றை உதாரணத்தோடு எழுதவேண்டும். ஆனால் கூட்டிச்சொல்லக் கூடாது. மூன்றாமிடம் பெற்றால் மூன்றாமிடம் என்றே எழுதுவோம். பொய்யொன்று வெளிப்பட்டால் மெய்யும் மதிப்பிழந்துவிடும்.

கணக்கைத் திறக்கும்போது

முதலாவது, பெயர். எமது பிள்ளைகளின் பெயர் ஒரு சான்றிதழில் முதலெழுத்துகளோடும், இன்னொன்றில் தகப்பன் பெயரோடும், வேறொன்றில் வேறு ஆங்கில எழுத்துகளிலும் இருப்பது வழமை. தேசிய அடையாள அட்டையில் உள்ள எழுத்துகளையே எங்கும் பயன்படுத்துவது நல்லது. இல்லையேல் தேடுபவருக்கு நீங்கள் அகப்படமாட்டீர்கள்.

இரண்டாவது, படம். முகம் தெளிவாகத் தெரியும் எளிய படம் போதும். விளையாடும் படத்தைப் பின்னணியில் இடலாம்.

மூன்றாவது, பெயரின் கீழ் வரும் தலைப்பு வரி. "மாணவி" என்று மட்டும் எழுதாமல், "கணக்கியல் மாணவி, வலைப்பந்தாட்ட அணித்தலைவி, பயிற்சி வேலை தேடுபவர்" என்று எழுதினால் நோக்கம் புரியும். நிறுவனங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தேடுவதால் இவற்றை எளிய ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கில ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது, தொண்டுப் பணி. மறைக்கல்வி கற்பித்தது, சிறுவருக்குப் பயிற்சியளித்தது, வெள்ளக்காலத்தில் உலருணவு பகிர்ந்தது ஆகியவை சம்பளம் இல்லாத வேலைகளாயினும் அனுபவமே.

ஐந்தாவது, பரிந்துரை. பயிற்றுநரோ உடற்கல்வி ஆசிரியரோ அத்தளத்தில் இருந்தால் உங்களைப் பற்றிச் சில வரிகள் எழுதித்தரும்படி பணிவுடன் கேளுங்கள். பிறர் வாயால் வரும் நற்சாட்சிக்குத் தனி மதிப்புண்டு.

அறிமுகம் தேடுதல்

கணக்கைத் திறந்துவிட்டு வேலை வரும் என்று காத்திருப்பது, வலையை வள்ளத்திலேயே வைத்துக்கொண்டு மீனுக்குக் காத்திருப்பதற்கு ஒப்பாகும். பாடசாலை அல்லது பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்குச் சென்றால், அங்கு படித்தவர்கள் இன்று எங்கே, என்ன வேலையில் இருக்கின்றனர் என்று பார்க்கலாம். உங்களுக்கு முன் அதே அணியில் ஆடியவர் இன்று வங்கியிலோ ஆடைத் தொழிற்சாலை அலுவலகத்திலோ இருக்கக்கூடும். ஒரே மைதானத்தில் வியர்வை சிந்தியவர்களிடையே தானாகவே ஓர் உறவு உண்டு.

அவருக்கு அழைப்பு அனுப்பும்போது ஒரு குறிப்பும் எழுதுங்கள். கட்டணமின்றிப் பயன்படுத்துவோர் மாதத்தில் சில அழைப்புகளுக்கே குறிப்பு எழுதலாம். அதுவும் சுருக்கமாக இருத்தல் வேண்டும். இவ்வாறு எழுதலாம்: "வணக்கம். தாங்கள் ஆடிய பாடசாலை அணியில் நானும் ஆடினேன். இப்போது கணக்கியல் கற்கிறேன். தங்கள் துறைக்கு வர எவ்வாறு ஆயத்தம் செய்யலாம் என்று அறிய விரும்புகிறேன்."

எடுத்த எடுப்பில் வேலை கேட்க வேண்டாம். ஆலோசனை கேட்பவருக்குப் பதில் எழுதப் பலருக்கு மனம் வரும். பதில் வந்தால் நன்றி கூறுங்கள். வராவிட்டால் மனம் சோர வேண்டாம். விருப்பமான நிறுவனங்களின் பக்கங்களைப் பின்தொடர்ந்து, வெற்றிட அறிவித்தல்கள் மின்னஞ்சலுக்கு வரும்படி ஒழுங்கு செய்யுங்கள். வாரத்தில் ஓர் அரைமணி நேரம் இதற்குப் போதும்.

எச்சரிக்கை தேவை

இத்தளங்களிலும் கள்வர் உண்டு. வேலை தருவதாகக் கூறி முற்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கி விபரங்களை முன்பின் தெரியாதவருக்கு அனுப்பக் கூடாது. கணினி வேலை, நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிச் சென்ற இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த செய்தி 2024இல் எம்மை உலுக்கியது. வெளிநாட்டு வேலை என்றால், அந்த முகவர் நிலையம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுபெற்றதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள்.

யுவதிகளுக்கு இன்னுமொரு சொல். தொழிலை விட்டு வேறு பேச்சுப் பேசுபவருக்குப் பதில் எழுதும் கடமை உங்களுக்கு இல்லை. அவரைத் தடைசெய்து, தளத்துக்கும் முறையிடுங்கள்.

இத்தளத்தில் எல்லா வேலைகளும் வருவதில்லை என்பதையும் நினைவிற் கொள்வோம். அரசாங்க வேலைகளுக்கு வர்த்தமானியைப் பார்க்க வேண்டும். பத்திரிகையையும் பிரதேச செயலக அறிவித்தற் பலகையையும் பார்ப்பதை விட்டுவிடலாகாது. பட்டணத்துக் கடையிலும் சிறு தொழிலகத்திலும் நேரில் சென்று கேட்பதே இன்றும் சிறந்த வழி.

எம் பொறுப்பு

பிள்ளை ஓடும்போது கைதட்டிய நாம், ஓட்டம் முடிந்ததும் கலைந்துபோய்விடக் கூடாது. கணினியோ இணைய வசதியோ இல்லாத பிள்ளைக்குப் பங்கு மண்டபத்தில் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கலாம். ஆங்கிலம் தெரிந்தவர் உடனிருந்து எழுத உதவலாம். முன்னர் விளையாடி இன்று நல்ல நிலையில் உள்ளவர்கள், ஊர்ப் பிள்ளையின் அழைப்பு வரும்போது ஏற்றுக்கொண்டு இரண்டு வரி பதில் எழுதலாம். அஞ்சலோட்டத்தில் கோலைக் கைமாற்றுபவர், அடுத்தவர் கையில் அது சேரும்வரை பிடியை விடுவதில்லை. அந்தப் பழக்கத்தை மைதானத்துக்கு வெளியிலும் நாம் கைக்கொள்வோமாக.