தேகத்தின் வரவு செலவுக் கணக்கு

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோர் 14 கிலோமீட்டர் நடக்கின்றனர். அவ்வளவு நடந்தும் தேகம் இளைக்கவில்லையே என்று சிலர் வியக்கின்றனர். தமக்கு உடல்வாகே அப்படி என்று வேறு சிலர் கூறுகின்றனர். இதன் உண்மையைச் சங்க அங்கத்தினர்கள் கணக்குப் புஸ்தகத்தைக் கொண்டே அறியலாம்.

ஒரு மாதம் கடனே கொடாவிடினும் சங்கத்திற்கு வாடகை, குமாஸ்தா சம்பளம், விளக்குச் செலவு ஆகியவை நில்லா. அவ்வாறே நாம் அசையாது படுத்திருக்கும்போதும் இருதயமும் மூளையும் ஈரலும் ஆகாரத்தை எரித்துக்கொண்டே இருக்கின்றன. இந்த நிரந்தரச் செலவையே அடிப்படை வளர்சிதை மாற்றம் என்பர். உட்கார்ந்து வேலை செய்வோருக்கு நாளின் மொத்தச் செலவில் ஏறக்குறைய 100-க்கு 60 பங்கு இதுவேயாகும்.

பருத்தவர்களுக்கு இச்செலவு குறைவு என்று எண்ணுவது தவறு. பெரிய கட்டடத்திற்குப் பராமரிப்பு அதிகமாவதுபோல் பெரிய தேகத்திற்கும் செலவு அதிகமே. தைராய்டு சுரப்பியின் வேலை குறைந்தவர்களுக்குச் செலவு சுருங்குவதுண்டு; அவர்கள் வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த எலினார் மேசன் அம்மையார், தென்னிந்தியப் பெண்களின் அடிப்படைச் செலவு மேனாட்டு அளவைவிடக் குறைவென்று 1931-ல் வெளியிட்டார். தசை குறைந்த தேகத்திற்குச் செலவும் குறைவு என்பதை இங்கு நினைவில் வைக்க வேண்டும். வயதின்மேல் பழி போடுவதும் பொருந்தாது. 29 தேசங்களில் சுமார் 6,400 பேரைச் சோதித்து 2021-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், தேகத்தின் அளவுக்கு ஏற்ப நோக்குங்கால், 20 வயது முதல் 60 வயது வரை இவ்வேகம் ஏறக்குறைய மாறாதிருப்பது கண்டறியப்பட்டது.

ஆகவே வரவையும் உழைப்பையுமே கவனிக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் ஒருமுறை கிரிவலம் வந்தால், சும்மா இருப்பதைவிட 400 முதல் 500 கலோரி வரை அதிகம் செலவாகலாம். சுமார் 125 கிராம் அரிசியின் சோற்றில் அது திரும்பி வந்துவிடும். மாதம் ஒருநாள் நடப்பதினும் தினந்தோறும் நடப்பதே பலன் தரும்.

பட்டினி கிடப்பதும் உபாயமன்று. வரவு குன்றிய சங்கம் சிப்பந்திகளைக் குறைப்பதுபோல், பட்டினி கிடக்கும் தேகம் தசையை இழந்து செலவைச் சுருக்கிக்கொள்ளும். பின்னர் பழையபடி உண்டால் எடை விரைவில் ஏறும். சோற்றைச் சிறிது குறைத்துப் பருப்பு, பயறு, கீரைகளைக் கூட்டுக. தசைக்கு வேலை கொடுக்க.

ஏற்றமும் ஏரும் போய், மோட்டாரும் டிராக்டரும் வந்துவிட்ட கிராமங்களில் உழைப்பு குறைந்தும் உணவு குறையவில்லை. மிஞ்சியது கொழுப்பாகச் சேர்ந்து நீரிழிவுக்கு வழிகோலுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை எட்டினால் அதை எச்சரிக்கையாகக் கொள்க. சங்கக் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் அங்கத்தினர்கள், ஒரு நூலால் இத்தணிக்கையையும் செய்துகொள்வார்களாக.