"எழுந்துட்டேம்மா!"

எங்கள் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். "தம்பி, மணி ஏழாச்சுடா" என்றால் "எழுந்துட்டேம்மா" என்று தெளிவாகப் பதில் வரும்; கண் மட்டும் திறக்காது. அலாரத்தைத் தூக்கத்திலேயே அணைத்து, செல்போனைத் தலையணைக்கு அடியில் செருகிவிடுவான். ஒருநாள் பாட்டி நெற்றியில் விபூதி பூசியதும், "பிரசென்ட் மிஸ்" என்றான். வீடே சிரித்தது.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது அநியாயம். தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின், பருவ வயதில் இரவு தாமதமாகத்தான் சுரக்கிறது. பத்து மணிக்கே படு என்றால் உடம்பு கேட்காது. செல்போன் வெளிச்சமும் சேர்ந்தால் இன்னும் தள்ளிப்போகும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். விடிவதற்குள் டியூஷன் வைத்தால் அது எங்கிருந்து கிடைக்கும்? கலிஃபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நாம் அந்த டியூஷனையாவது மாலைக்கு மாற்றலாமே!

இப்போதெல்லாம் நான் கத்துவதில்லை. திரையை விலக்கி வெயிலை உள்ளே விடுகிறேன். காலை வெளிச்சம் உடல் கடிகாரத்தைச் சீராக்கும். பிறகு தோசைக்கல்லில் நெய் விடுகிறேன். பாதிக் கண்ணோடு சமையலறைக்கு வந்து நிற்கிறான்: "அம்மா, எனக்கு ரெண்டு முறுகலா."