பால்வாடித் தராசு சொல்வது

தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாக வாசலில் காலை ஷிப்டுக்கு இறங்கும் பெண்களில் பலர், கைக்குழந்தையைப் பாட்டியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ விட்டுவிட்டு வருபவர்கள். பம்மல், அனகாபுத்தூர் பக்கத்து வரிசை வீடுகளில் அந்தக் குழந்தை பட்டினி கிடப்பதில்லை. அழுதால் டீயில் நனைத்த பிஸ்கட். அடம்பிடித்தால் பெட்டிக்கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட். வயிறு நிறைகிறது. எடைதான் ஏறுவதில்லை.

ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 19.7 சதவீதம், 2019-21இல் 14.6. நல்ல இறக்கம்தான். ஆனால் அதே காலத்தில் குழந்தைகளின் ரத்தசோகை 50.7 சதவீதத்திலிருந்து 57.4 ஆக ஏறியிருக்கிறது. சோறு கிடைக்கிறது, சத்து கிடைக்கவில்லை என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது.

கொட்டாம்பட்டியில் பிறந்த யோசனை

சத்துணவு என்றதும் எம்.ஜி.ஆரின் 1982 நினைவுக்கு வரும். அதற்கு முன்பே, 1980இல், உலக வங்கிக் கடனுதவியுடன் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் தினமும் இணை உணவு. தேறியதும் நிறுத்திவிடுவார்கள். எல்லோருக்கும் சோறு என்பதுபோல் மேடையில் கைதட்டல் வாங்கும் திட்டமல்ல இது. இருந்தாலும் தராசை நடுவில் வைத்த அந்த யோசனைதான் இன்றும் வேலை செய்கிறது. 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் அதன் வழிவந்ததே. அங்கன்வாடியில் எடை, உயரம் பார்த்து, மெலிந்த குழந்தைகளை மருத்துவரிடம் காட்டி, கடுமையாக நலிந்தவர்களுக்குச் சிறப்பு உணவு தருகிறார்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தை நலிந்திருந்தால் ஊட்டச்சத்துப் பெட்டகம் தாய்க்குப் போகிறது. அந்த வயதில் குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் தேவையில்லை.

மூன்று நிற நாடா

அங்கன்வாடி டீச்சரிடம் சிவப்பு, மஞ்சள், பச்சை போட்ட அளவு நாடா ஒன்று இருக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றிப் பார்ப்பார். 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் சிவப்பு: தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. 12.5 வரை மஞ்சள். இரண்டு பாதங்களும் உப்பி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தால் நாடாவே தேவையில்லை. அது கொழுகொழுப்பு அல்ல, கடும் சத்துக்குறைவு.

மாவு பாக்கெட்டின் கதி

அங்கன்வாடியில் தரும் சத்துமாவை “வெல்லம் போட்ட கோதுமை மாவுதானே” என்று அலட்சியமாகச் சொல்பவர்கள் உண்டு. அதில் முளைகட்டிய தானியமும் சேர்கிறது. முளைவிடும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், நிறைய மாவு போட்டாலும் கஞ்சி களியாக இறுகாது. குழந்தையின் வயிறு சிறியது. நீர்த்த கஞ்சியில் ஒரு கிண்ணம் குடித்தாலும் சத்து சேராது. நம் பாட்டிமார் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்ததும் இதே கணக்குதான். ஆனால் வீட்டுக்கு வந்த பாக்கெட் பெரிய பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொழுக்கட்டையாகிவிடுகிறது. கொடுப்பதோடு நின்றுவிடாமல், ஒரு கிண்ணம் கஞ்சியை எதிரிலேயே காய்ச்சிக் காட்டினால் பலன் கூடும். ஒரு சொட்டு நெய்யோ நல்லெண்ணெயோ விடச் சொல்லலாம்.

ஷிப்டு முடியும் நேரம்

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரைதான் ஆபத்தான காலம். அந்த வயதுக் குழந்தை அங்கன்வாடிக்கு எடை பார்க்க வருவதோடு சரி. பெரிய பிள்ளைகளுக்கும் தாயின் ஷிப்டு முடியும் முன்பே மையம் பூட்டப்பட்டுவிடும். பெரும்பாக்கம், மேடவாக்கம் கட்டுமானத் தளங்களில் தகரக் கொட்டகையில் வளரும் பீகார், ஒடிசா குழந்தைகளுக்கு அந்த மையம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகலாம். வெளி மாநிலக் குழந்தைக்கும் அங்கே இடமுண்டு; மேஸ்திரி நினைத்தால் கூட்டிப்போய்ப் பதிந்துவிடலாம்.

மெப்ஸ் போன்ற இடங்களுக்கு இன்னொரு வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் வந்தது. தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். பால் கொடுக்கவும் கஞ்சி ஊட்டவும் அது போதும்.