ஹெம்ப் என்ற பெயரும் அதைத் தாங்கிய செடிகளும்

ஏற்காட்டில் ஒண்டிக்கடையைச் சுற்றியுள்ள தோட்டங்களில், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் தொடங்கிவைத்த காப்பிச் சாகுபடி இன்றும் நடக்கிறது. காப்பிக்கொட்டையை அடைக்கும் சாக்கைச் சணல் சாக்கு என்றே எல்லோரும் சொல்கின்றனர். அச்சாக்கின் நாரைத் தருவது வங்காளத்து வண்டல் நிலங்களில் விளையும் செடி. 'சண' என்ற வடசொல்லோ பழைய நூல்களில் வேறு இரு செடிகளுக்கு வழங்கியது. ஒன்று பயறு வகையைச் சேர்ந்த சணப்பு, மற்றொன்று ஆங்கிலத்தில் ஹெம்ப் எனப்படும் கஞ்சாச் செடி. சத்திரியரின் பூணூல் சண நூலால் ஆகவேண்டும் என்று மனு விதித்தது இத்தகைய நாரைக் கருதியே.

கஞ்சாச் செடியின் ஐரோப்பியப் பெயருக்கும் நீண்ட வரலாறு உண்டு. கிரேக்கர் 'கன்னபிஸ்' என்றதை லத்தீன் ஏற்றது; 1753இல் லின்னேயஸ் 'கன்னாபிஸ் சட்டைவா' என்று அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். ஜெர்மானிய மொழிகளில் முதலிலுள்ள ககரம் ஹகரமாகத் திரிந்ததால் அதே சொல் 'ஹெம்ப்' ஆயிற்று. பாய்மரத் துணியைக் குறிக்கும் 'கான்வாஸ்' என்ற சொல்லும் இவ்வழியில் வந்ததே.

பாய்க்கும் வடத்துக்கும் ரஷ்யாவின் ஹெம்ப் நாரையே பெரிதும் நம்பியிருந்த பிரிட்டன், கிரிமியப் போர்க்காலத்தில் அவ்வரவு தடைபட்டபோது இந்திய நார்களை ஆவலோடு நோக்கியது. தாவரவியலாளர் ஃபோர்ப்ஸ் ராயில் இந்திய நார்ச்செடிகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டது அப்போதுதான், 1855இல். வலுவான நார் தரும் எதற்கும் ஹெம்ப் என்று பெயரிடும் வணிக வழக்கத்தால் சணப்பு 'சன் ஹெம்ப்', புளிச்சை 'டெக்கான் ஹெம்ப்', நார்க்கற்றாழை 'சிசல் ஹெம்ப்', வாழையினத்து அபாக்கா 'மணிலா ஹெம்ப்' என்றாயின. உறவில்லாத செடிகள் ஒரே பெயருக்குள் அடங்க, தமிழிலோ உண்மையான ஹெம்ப் செடிக்குக் கஞ்சா என்ற போதைப்பெயர் மட்டுமே எஞ்சியது. அதன் நாரும் விதையும் நம் நினைவிலிருந்தே விலகிப்போனது பெரும் இழப்பாகும்.

நாருக்கு வளர்க்கும் வகையிலும் போதைக்கு வளர்க்கும் வகையிலும் இனம் ஒன்றே, வேறுபடுவது டி.எச்.சி. என்ற போதைப்பொருளின் அளவு. அது 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாத வகைகளையே பல நாடுகள் தொழில்துறை ஹெம்ப் என ஏற்கின்றன. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று குறிப்பது பூவோ காயோ கொண்ட நுனிப்பகுதியை; நாருக்காகவோ விதைக்காகவோ பயிரிட அரசு அனுமதி அளிக்கலாம் என்று அதன் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. உத்தரகண்ட் அவ்வழியில் முந்திக்கொண்டது. அம்மாநிலத்துக் குமாவுன் மலைமக்கள் இதன் விதையைத் துவையலாக அரைத்து உண்பவர்கள்.

'சண' என்று வழங்கிய அவ்விரு செடிகளில் தமிழகத்தில் இன்று தடையின்றி வயல் காண்பது மஞ்சள் பூப் பூக்கும் சணப்பே. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. முற்றிய தண்டைக் கட்டுக்கட்டாகத் தேங்கிய நீரில் அமிழ்த்தினால், பட்டையை ஒட்டவைக்கும் பசை அழுகிக் கரைய, நாரை உரித்து அலசிக் கயிறும் மீன்வலையும் ஆக்கலாம். ஆனால் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் உழவர், தண்டு முற்றினால் மண்ணில் எளிதில் மக்காது என்பதால், ஏறத்தாழ 45 நாளில் பூக்கும் பருவத்திலேயே அதை மடக்கி உழுதுவிடுகின்றனர்.