சிறு விசைப்பலகையும் தமிழ் எழுத்தும்

மக்கள் தம் கருத்தை நிலைபெறச் செய்தற்குக் கையாண்ட கருவிகள் காலந்தோறும் வேறுபட்டு வந்துள்ளன. கல்லிற் பொறித்த உளியும், ஓலையிற் கீறிய எழுத்தாணியும், தாளில் ஓடிய பேனாவும், அச்சகத்து ஈய எழுத்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவை ஒவ்வொன்றும் எழுத்தின் தோற்றத்தையும் ஓரளவு மாற்றின. ஓலைச் சுவடிகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளியின்றியே காணப்படுகின்றன. அச்சு வந்த பின்னரே புள்ளி எங்கும் நிலைபெற்றது. இற்றை நாளில் அக்கருவிகளின் இடத்தைப் பெற்றிருப்பது கணினியின் விசைப்பலகை. அதனைப் பற்றி, நானே பயின்று கண்டவற்றைக் கொண்டு, சில கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் காரணமாயிருந்தவன் என் மாணவன் ஒருவன். சென்ற ஆண்டு அவன் திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி நல்லதொரு கட்டுரையை எழுதி எனக்கு அனுப்பினான். பொருள் நன்று, நடையும் நன்று. ஆயின் தமிழ்ச் சொற்கள் அனைத்தும் உரோம எழுத்திலே இருந்தன. அதனை முழுவதும் திருப்பித் தட்டெழுத வேண்டியவன் நானே. மலர்க்கட்டுரைகளை ஆண்டுதோறும் தட்டெழுதி என் மணிக்கட்டும் அப்போது நோவுற்றிருந்தது. அவனை அழைத்து வினாவினேன். “சேர், எழுத்தெல்லாம் தெரியும், பலகையிலை அது இருக்கிற இடந்தான் தெரியேல்லை” என்றான். அவன் கணினி விளையாட்டிற் கைதேர்ந்தவன். விளையாட்டிற்கென்று வாங்கிய கம்பியில்லாச் சிறு விசைப்பலகை ஒன்றை வைத்திருந்தான். அதனை எனக்கு ஒரு மாதம் இரவல் தருவதென்றும், அம்மாதத்தில் அவன் தமிழ்த் தட்டெழுத்துப் பயில்வதென்றும் உடன்பாடு செய்துகொண்டோம். பாலையூற்றில் என் இல்லத்து முன்றிலில் மாலைதோறும் இருவரும் பயின்றோம்.

கருவியின் இயல்பை முதலிற் கூறுவாம். விலை குறைந்த விசைப்பலகைகளில் எல்லா விசைகளுக்கும் அடியில் றப்பர்த் தகடொன்று விரிக்கப்பட்டிருக்கும். விசையை அடிவரை அழுத்தினாலன்றி எழுத்துப் பதியாது. நாட்பட்ட றப்பர் தன் நெகிழ்வை இழக்கும். பொறிமுறை விசைப்பலகையிலோ ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே ஒரு சுருள்வில்லும், ஓர் உலோகத் தொடுமுனையும் உண்டு. செர்ரி என்னும் ஜெர்மன் நிறுவனம் 1980களின் முற்பகுதியில் வெளியிட்ட விசையே இவ்வகைக்குப் பெரிதும் முன்மாதிரியாயிற்று. அவ்விசை முழுவதும் இறங்கும் தூரம் 4 மில்லிமீற்றர். ஆயின் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் இறங்கிய அளவிலேயே எழுத்துப் பதிந்துவிடும். பயின்ற விரல் அடியைத் தொடாமலே அடுத்த விசைக்குச் செல்லலாம் என்பது இதன் பயன்.

இவ்விசைகள் மூவகைப்படும். சிவப்பு நிறத்தது தடையின்றி நேரே இறங்குவது. பழுப்பு நிறத்தது எழுத்துப் பதியும் இடத்தில் விரலுக்குச் சிறு தடையொன்றை உணர்த்துவது. நீல நிறத்தது தடையோடு ‘கிளிக்’ என்னும் ஒலியையும் எழுப்புவது. சிவப்பு விசையை இயக்க வேண்டிய விசையளவு ஏறக்குறைய 45 கிராம் நிறைக்கு ஒப்பாகும். விரைந்து திரும்பத் திரும்ப அழுத்தும் விளையாட்டாளர் பலர் சிவப்பை விரும்புவர். தட்டெழுதுவோர் பலர் பழுப்பை விரும்புவர். நீலம் தனியே இருந்து எழுதுவார்க்கு இன்பந் தரும். அயலில் உறங்குவார்க்குத் துன்பந் தரும். நான் பயின்றது பழுப்பு.

இனி, சிறுமையைப் பற்றி. முழு விசைப்பலகையில் 104 விசைகள் உள்ளன. வலப்புறத்து எண்தொகுதியை நீக்கின் 87 எஞ்சும். மேல்வரிசையையும் நீக்கி அம்புக்குறி விசைகளை மட்டும் வைத்துக்கொள்வன 68 அளவில் நிற்கும். அவற்றையும் நீக்கியவை 61 விசைகளே உடையன. நீக்கப்பட்ட பணிகளைத் துணைவிசை ஒன்றைச் சேர்த்தழுத்திப் பெறுதல் வேண்டும். நான் பயின்ற 68 விசைப் பலகை ஆசிரியர் மேசையில் விடைத்தாட்கட்டின் அருகே எளிதில் அமர்ந்தது. ஆயின் புள்ளிப்பட்டியல் தயாரிக்கும்போது எண்தொகுதி இல்லாக் குறை பெரிதும் தோன்றிற்று. கணக்கெழுதுவார்க்கு இச்சிறு பலகை ஏற்றதன்று.

கம்பியில்லாத் தொடர்பு இருவழிப்படும். ஒன்று கணினியிற் செருகும் சிறு வாங்கியின் வழியது. மற்றொன்று புளூடூத் எனப்படுவது. வாங்கியின் வழி இயங்கும் நல்ல பலகை விசைநிலையை ஒரு விநாடிக்கு 1,000 முறை அறிவிக்கும். அஃதாவது 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. 125 முறை அறிவிப்பதாயின் இடைவெளி 8 மில்லிவிநாடியாகும். விளையாட்டில் இவ்வேற்றுமை ஒருகாற் பொருட்படலாம். தட்டெழுத்திற்கு வேண்டியது யாது? நிமிடத்திற்கு 300 தட்டு என்பது நல்ல வேகம். அஃது விநாடிக்கு 5 தட்டு. இரு தட்டுக்கிடையே 200 மில்லிவிநாடி. இதன்முன் 1 என்றும் 8 என்றும் பேசுவது பயனற்றது. விளையாட்டாளர் பொருட்டுச் செய்யப்பட்ட இவ்வேகத்திற்கென்று எழுத்தாளர் மிகுபொருள் கொடுத்தல் வேண்டா.

விளையாட்டிற்கெனக் கண்ட இன்னொரு சிறப்பு நமக்கும் பயன்படுகின்றது. மலிவான பலகையில் மூன்று நான்கு விசைகளை ஒருங்கே அழுத்தின் ஒன்று பதியாது விடுதலும், அழுத்தாத ஒன்று பதிதலும் நேரும். விசைதோறும் டயோட்டு என்னும் ஒருவழி மின்வாயிலை அமைத்து இக்குறையை நீக்கியுள்ளனர். விரைந்து எழுதுவோன் முந்திய விசையினின்று விரலை எடுக்குமுன் அடுத்ததை அழுத்துவது இயல்பு. அப்போதும் எழுத்துத் தவறாது நிற்பதை நான் கண்டேன்.

இவையெல்லாம் கருவியின் பொது இயல்பு. தமிழுக்கு அஃது எவ்வாறு உதவும் என்பதே நம் வினா. இதற்கு விடைகாணச் சிறிது பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பாரும் அவர் துணைவரும் இயற்றிய தட்டெழுத்துப் பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆங்கிலத்திற்கு 26 எழுத்துகளே. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247. நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளில் இவற்றை எங்ஙனம் அடக்குவது? இவ்வரிய பணியை முடித்தவர் நம் நாட்டவரே. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்து, மலாயா சென்று தொழில் புரிந்த ஆர். முத்தையா அவர்கள், கொம்பு, கால், விசிறி, புள்ளி முதலிய குறிகளைத் தனித்தனியே பிரித்து, எழுத்தோடு சேர்த்தடிக்கும் முறையை வகுத்தார். புள்ளி போன்ற குறிகளுக்கு நகரா விசையை அமைத்தார். அதனை அடித்தால் குறி பதியும், தாள் நகராது, பின்னர் எழுத்தை அடித்தவுடன் இரண்டும் ஒன்றாகும். அவர் அமைப்பின்படி ஜெர்மனியிற் பொறிகள் செய்யப்பட்டுத் தமிழ் வழங்கும் நாடுகளிற் பரவின.

அப்பொறியின் நெறியைப் பின்பற்றியதே இலங்கையில் நெடுநாள் வழங்கிவரும் பாமினி எழுத்துரு. யூனிக்கோடு முறைக்கென இலங்கையில் 2008ஆம் ஆண்டு நியமமாக்கப்பட்ட ரெங்கநாதன் அமைப்பும் தட்டெழுத்துப் பொறியின் வழிவந்ததே. தமிழ்நாட்டிலோ, 1999இற் சென்னையில் நிகழ்ந்த மாநாட்டை அடுத்துத் தமிழ் 99 என்னும் வேறோர் அமைப்பு ஏற்கப்பட்டது. இதில் உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் நிற்கின்றன. மெய்யின்பின் உயிரை அடித்தால் உயிர்மெய் தானே பிறக்கும். ஒரே மெய் இருமுறை வரின் முன்னதற்குப் புள்ளி தானே விழும். இலக்கணத்தில் மெய்யும் உயிரும் புணர்ந்து உயிர்மெய்யாம் என்று கற்பிக்கின்றோமே, அதனையே விரல்கள் செய்து காட்டுகின்றன.

எடுத்துக்காட்டாக, ‘அம்மா’ என்பதைப் பாமினியில் எழுத அ, ம, புள்ளி, ம, கால் என 5 தட்டு வேண்டும். தமிழ் 99இல் அ, ம, ம, ஆ என 4 தட்டே போதும். ‘கொ’ என்னும் எழுத்துக்கு முன்னதில் கொம்பு, க, கால் என 3. பின்னதில் க, ஒ என 2. ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கோ இரண்டிலும் 5 தட்டே. எம் ஊர்ப்பெயரான ‘பாலையூற்று’ தமிழ் 99இல் 9 தட்டில் முடிகின்றது. ஆகவே வேற்றுமை உண்டு. ஆயின் பழகிய கையை வருந்தி மாற்றுதற்குரிய அத்துணைப் பெரிதன்று. புதிதாய்ப் பயில்வார்க்கே பின்னது மிக எளிது.

சிறு பலகையில் நான் கண்ட குறையொன்று ஈண்டுக் கூறத்தக்கது. பாமினி அமைப்பில் ஷ, ஹ என்னும் கிரந்த எழுத்துகள் பலகையின் இடப்புற மேல் மூலையில் உள்ள ஒரே விசையில் நிற்கின்றன. சிறு பலகைகளில் அம்மூலையை வேறு விசை கவர்ந்துகொள்கின்றது. அவ்வெழுத்துகளைத் துணைவிசையுடன் சேர்த்தே பெறல் வேண்டும். ‘இராமகிருஷ்ண மிஷன்’ என்று எழுதும்போது என் கை இருமுறை தடுமாறிற்று. தமிழ் 99இல் அவை வேறிடத்தில் நிற்பதால் இவ்விடர் இல்லை. பலகை வாங்குவோர் தாம் வழங்கும் அமைப்பைக் கருதாது வாங்குவாராயின் இத்தகைய இடர்களை எதிர்ப்படுவர். மற்றொரு குறையும் உண்டு. சிறிது நேரம் தட்டாதிருப்பின் மின்கலத்தைக் காக்கும்பொருட்டுப் பலகை உறங்கிவிடும். விழிக்கும்போது முதல் தட்டை விழுங்கும். பாமினியில் அம்முதல் தட்டு கொம்பாயிருப்பின், ‘கொடி’ என எழுதக் கருதியது ‘காடி’ ஆய் நிற்கும்.

நம்மூரின் உவர்க்காற்று உலோகத்தை விரைவில் அரிப்பது. நல்ல விசைகளில் தொடுமுனை பொன்கலந்து செய்யப்படுதலின் துருவேறாது. சில பலகைகளிற் பழுதுற்ற விசையை மட்டும் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை மறவாத நமக்கு, மின்கலத்தில் இயங்குவதும் ஒரு நன்மையே. இவை எல்லாவற்றினும் மேலானதொன்று உண்டு. புளூடூத் வழி இப்பலகையைக் கைத்தொலைபேசியோடும் இணைக்கலாம். கணினி இல்லா வீட்டுப் பிள்ளையும், தொலைபேசியில் தமிழ் அமைப்பைப் பொருத்திக்கொண்டு, முழுக்கட்டுரை எழுதலாம்.

மாணவன் பெற்ற பயனையும் கூறுதல் முறை. அவனைத் தமிழ் 99இற் பயிற்றினேன். பலகையின் விசைகளில் தமிழ் எழுத்தில்லை. ஒட்டுத்தாள் ஒட்டவும் நான் இசையவில்லை. சுட்டுவிரல்கள் இரண்டும் நிற்கும் விசைகளில் உள்ள மேட்டை மட்டும் காட்டி, இடக்கை மேட்டிற் புள்ளி, வலக்கை மேட்டிற் பகரம் என்று தொடங்கினேன். முதல்நாள் அரைப்பக்கம் எழுத ஒரு மணிநேரம் சென்றது. அவன் சலிப்புற்று எழுந்துபோக முயன்றான். விளையாட்டில் நான்கு விசைகளின் இடத்தை விரல் எப்படிக் கற்றதோ அப்படியே முப்பத்தொன்றையும் கற்கும் என்று கூறி இருத்தினேன். நாலாம் வாரத்தில் அதே மணிநேரத்தில் மூன்று பக்கம் எழுதினான். துறைமுகக் கட்டுரையைத் தானே தமிழெழுத்தில் எழுதித் தந்தான். அப்போது தன் பிழைகள் சிலவற்றைத் தானே கண்டு திருத்தினான். உரோம எழுத்தில் ‘ல, ள, ழ’ வேற்றுமையும் ‘ர, ற’ வேற்றுமையும் மறைந்து கிடந்தமையால் முன்னர் அவை அவன் கண்ணுக்குப் புலப்பட்டில.

இதுவே நாம் கருதத்தக்கது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. எனினும் தமிழில் விண்ணப்பித்தவர்க்கு வேற்றுமொழியில் மறுமொழி வருதலை நம்மிற் பலர் கண்டிருப்பர், நானும் பெற்றதுண்டு. காரணங்கள் பல. தமிழிற் பிழையின்றி விரைந்து தட்டெழுத வல்லார் கந்தோர்களிற் போதாமை அவற்றுள் ஒன்று. சட்டம் தந்த உரிமையைக் கையில் வாங்குதற்கு விரலின் பயிற்சியும் வேண்டும்.

ஆகவே முடிவு இது. பொறிமுறைச் சிறு பலகை உறுதியானது, இனியது; எழுத்துப்பணி மிகுந்தார்க்கு ஏற்றது. என் மணிக்கட்டு நோவை அது தீர்க்கவில்லை; பலகையைத் தாழ்த்தி வைத்தலும் இடையிடையே ஓய்தலுமே குறைத்தன. பொருளில்லார் றப்பர்ப் பலகையிலும் இதே பயிற்சியைப் பெறலாம். பலகை எதுவாயினும், மாணவர் நாடோறும் கால்மணிநேரம் தமிழிற் பயில்வாராக. கல்லூரியில் ஆறாம் வகுப்பிலேயே இதனைத் தொடங்குதல் ஆசிரியராகிய நம் கடன். இரவல் பலகையை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மலருக்குரிய கட்டுரைகளிற் பாதியைத் தான் தட்டெழுதித் தருவதாக அவன் சொல்லியிருக்கின்றான்.