அந்திம தாகம்

சாகக் கிடப்பவரின் வாயில் ஒரு மிடறு தண்ணீராவது விட வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் மத பேதமின்றி வேரூன்றிய ஒன்று. வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், பாகாயத்தைத் தாண்டி வரும் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் பாலோ துளசி தீர்த்தமோ விடுவார்கள். தோல் தொழிலால் பெயர் பெற்ற ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வீதிகளில் இஸ்லாமியக் குடும்பத்தார் பத்திரமாய் வைத்திருக்கும் ஜம்ஜம் நீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார்கள். தாகத்தோடு ஒருவரை அனுப்பிவிட்டோம் என்ற பழி தம்மேல் வந்துவிடக் கூடாது என்னும் அச்சம் இந்தச் சம்பிரதாயங்கள் அனைத்தின் அடியிலும் இருக்கிறது.

அந்த அச்சம் இக்காலத்தில் வேறொரு ரூபம் கொண்டிருக்கிறது. புற்றுநோய் முற்றியோ முதுமையால் தளர்ந்தோ படுத்துவிட்டவர் கஞ்சியையும் வேண்டாமென்று தலையை அசைக்கத் தொடங்கியதும், "ஒரு பாட்டிலாவது ஏத்துங்க டாக்டர், பச்சைத் தண்ணி கூட உள்ள போகலையே" என்று வீட்டார் கெஞ்சுகிறார்கள். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஓரிரு இட்லி தரும் சக்திக்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆயினும், துளித்துளியாக இறங்கும் அந்தத் திரவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் குடும்பத்தாருக்கு ஓர் ஆறுதல் பிறக்கிறது என்பதை மறுக்க முடியாது. நோயாளிக்கும் ஆறுதல் பிறக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஆரோக்கியமான உடலில் நீர் குறைந்தால் இரத்தம் செறிவடைந்து, மூளை தாகத்தை எழுப்பி, நம்மைக் குடத்தை நோக்கி நடத்துகிறது. மரணத்தை நெருங்கிய சரீரத்திலோ சிறுநீரகமும் இருதயமும் தளர்ந்து, பசியும் தாகமும் பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடுகின்றன. அப்போது எஞ்சி நிற்பது வாயின் வறட்சி. வாயைத் திறந்தபடி சுவாசிப்பதாலும், வலிக்கும் வாந்திக்கும் கொடுக்கும் மருந்துகளாலும், கழுத்திலும் வாயிலும் பெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சையாலும், நாவில் வெண்படலமாய்ப் படியும் பூஞ்சையாலும் அது உண்டாகிறது. இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் நீர் இந்த வறட்சியைத் தீர்ப்பதில்லை.

இது வெறும் ஊகமன்று. 1994இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மரணத்தை எதிர்நோக்கியிருந்தும் பிரக்ஞை தெளிவாயிருந்த 32 நோயாளிகளைக் கவனித்தது. அவர்களில் 20 பேருக்குத் தாகம் தொடக்கத்தில் மட்டுமே இருந்தது, அல்லது இல்லவே இல்லை. இருந்தவர்களுக்கும் சில வாய் நீரும், வாயைச் சுத்தம் செய்து உதட்டுக்குப் பூசும் பணிவிடையுமே போதுமானவையாயிருந்தன. 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில், முற்றிய புற்றுநோயாளிகள் 129 பேரில் ஒரு பகுதியினருக்குத் தினமும் ஒரு லிட்டர் உப்பு நீரும், மற்றவர்களுக்குப் பெயரளவுக்கு 100 மில்லி லிட்டரும் ஏற்றிப் பார்த்தார்கள். சிரமங்களிலும் ஆயுளிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை தோன்றவில்லை. தளர்ந்த உடல் வெளியேற்ற மாட்டாத நீரோ காலில் வீக்கமாகவும், நெஞ்சில் கபமாகவும் தேங்கக்கூடும்.

ஆகவே, தாகத்துக்கான உபசாரம் வாயில் தொடங்க வேண்டும். அதற்குரிய சாதனங்கள் எந்த ஏழை வீட்டிலும் கிடைப்பவை. விழிப்போடு விழுங்கக்கூடியவரானால், முதுகுக்குத் தலையணை வைத்துத் தலையை உயர்த்தி, அரைத் தேக்கரண்டி அளவாக நீரோ இளநீரோ அவர் விரும்பும் எதுவோ கொடுக்கலாம். இருமல் வந்தால் நிறுத்திவிட வேண்டும். மெல்லிய துணியில் பொதிந்த பனிக்கட்டித் துண்டு, கத்திரி வெயிலின் உக்கிரத்தில் பெரிய சுகத்தைத் தரும். விழுங்க இயலாதவர்க்கு, அரை லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, அதில் நனைத்துப் பிழிந்த துணியை விரலில் சுற்றி, ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றை மெதுவாகத் துடைத்து, உதட்டில் வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவ வேண்டும். துடைப்பதை நாளுக்குச் சில தடவை செய்தால் போதும். வாயை ஈரப்படுத்துவதை மட்டும் மணிக்கொரு தரமாவது, முறை வைத்துக்கொண்டு, செய்துவர வேண்டும். வெண்படலம் கண்டால் பூஞ்சைக்கான மருந்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம்.

பிரக்ஞை தப்பியவரின் வாயில் சுற்றத்தார் வரிசையாய் நின்று பாலூற்றுவது மட்டும் ஆபத்தானது. அது மூச்சுக்குழலில் இறங்கித் திணறலை உண்டாக்கும். பாலில் நனைத்த பஞ்சினால் உதட்டையும் நாவையும் தொட்டால் சம்பிரதாயமும் நிறைவேறும், நோயாளிக்கும் துன்பமில்லை.

கடைசி நாட்களின் மற்றச் சிரமங்களுக்கும் வழியுண்டு. தொண்டையில் கபம் கரகரவென்று இழுக்கும் ஓசை கேட்பவர் நெஞ்சைப் பிளக்கும். ஆனால் அந்நிலையில் நோயாளி பெரும்பாலும் அதை உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே அது பலருக்குக் குறையும்; சுரப்பைக் குறைக்கும் ஊசிகளும் உண்டு. மூச்சு முட்டுபவருக்கு ஜன்னலைத் திறந்து, முகத்தில் மின்விசிறிக் காற்றுப் படச் செய்வதும், சிறிய அளவில் மார்ஃபினும் உதவுகின்றன. புகையிலைப் பழக்கத்தால் வரும் வாய்ப்புற்றில் அழுகிய புண்ணின் துர்நாற்றம், மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் தணிகிறது. உறவினர் மீண்டும் அருகில் வந்து உட்காரவும் அது வழி செய்கிறது.

வலிக்கு மார்ஃபினுக்கு நிகரான ஔஷதம் அரிது. சட்டப்படி அபினியைப் பயிராக்கும் நாடாயிருந்தும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த உரிமக் கட்டுப்பாடுகளால் நம்மவர் நெடுங்காலம் அதைப் பெறாமல் துடித்தார்கள்; 2014இல் வந்த திருத்தமே அக்கட்டுகளைத் தளர்த்தியது. இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் நிறுவிய இல்லத்திலிருந்து பரவிய, கடைசி நாட்களின் வேதனையைத் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சை, 1986இல் பம்பாயிலும், 1993இல் டாக்டர் ராஜகோபாலும் அவர் தோழர்களும் தொடங்கிய சங்கத்தின் மூலம் கோழிக்கோட்டிலும் காலூன்றியது.

கணியம்பாடி மக்கள் இவ்விஷயத்தில் ஓரளவு பாக்கியசாலிகள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) சமூக மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாக இந்த ஒன்றியத்தைத் தன் பணிக்களமாகக் கொண்டு, பாகாயத்தில் உள்ள தன் 'சாட்' (CHAD) ஆஸ்பத்திரியை மையமாக்கி, மருத்துவரையும் செவிலியரையும் கிராமங்களுக்கே அனுப்பி வருகிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே வந்து செய்யும் ஆதரவுச் சிகிச்சை ஓர் அங்கம்.

வாயை நனைப்பதை வலியுறுத்துவதால், குளுக்கோஸ் பாட்டிலே கூடாதென்று பொருளில்லை. வாந்தி பேதியால் நீரிழந்தவருக்கும், குணமாகக்கூடிய கோளாறால் திடீரெனச் சோர்ந்தவருக்கும் அது உயிர் காக்கும். இவருக்கு அது எதற்கு, எத்தனை நாள், பயன் தராவிட்டால் எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் வீட்டார் தயங்காமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். நிறுத்தலாம் என்று அவர் சொன்னால், அது பட்டினி போடுவதாகாது. தாகம் தீர்க்கும் கடமை வாயை நனைக்கும் பணிவிடையால் முழுமையாக நிறைவேறுகிறது. அதை வீட்டார் எவரும், பேரக் குழந்தைகள் உட்பட, ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிடலாம்.