உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி

மச்சம் என்றால் நமக்கு ஒரு தனி ஆசை. கன்னத்தில் இருந்தால் அழகு, உள்ளங்காலில் இருந்தால் ஊர் ஊராகச் சுற்றும் யோகம் என்று பாட்டிமார் பலன் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து அப்படியே இருக்கும் மச்சத்தால் பெரும்பாலும் ஒரு வம்பும் இல்லை. ஆனால் முப்பது, நாற்பது வயதுக்கு மேல் புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி கிளம்பி, மாதா மாதம் பெரிதாகிக்கொண்டே போனால்? அப்போது பலன் பார்க்கக் கூடாது. டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் பொருள் மெலனின். அதைத் தயாரிக்கும் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் 'மெலனோமா' என்னும் தோல் புற்றுநோய். தோல் புற்றுநோய்களில் இது குறைவாக வருவது. ஆனால் வேகமாகப் பரவக் கூடியது.

"அது வெள்ளைக்காரர்களுக்குத்தானே?"

பாதி உண்மை. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து நாடுகளில் வெள்ளைத் தோலும் கடும் வெயிலும் சேர்ந்து இந்த நோயை அதிகமாக்கியிருக்கின்றன. நம் நிறம் நமக்கு ஒரு குடை மாதிரி. இங்கே இது அபூர்வம்தான். ஆனால் வரும்போது வெயிலே படாத இடங்களில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். யாரும் பார்க்காத இடம் என்பதால் பலர் முற்றிய பிறகே டாக்டரிடம் வருகிறார்கள்.

ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் கதை உலகம் அறிந்தது. அவர் கால் கட்டைவிரல் நகத்தடியில் இருந்த கோளாறைக் கால்பந்து ஆட்டத்தில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1977ல் அது மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்துவிடச் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. சிறிய ஆபரேஷனோடு நின்றுவிட்டது. நோய் மூளை வரை பரவி, 1981 மே மாதம் அவர் காலமானபோது வயது 36தான்.

என்னென்ன கவனிக்க வேண்டும்?

புள்ளியின் ஒரு பாதி மறு பாதியைப் போல இல்லாமல் இருப்பது. ஓரம் கோணல் மாணலாக இருப்பது. ஒரே புள்ளியில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு என்று பல நிறம் தெரிவது. 6 மில்லி மீட்டருக்கு மேல், அதாவது பென்சிலின் பின்பக்க அளவைவிடப் பெரிதாவது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, மாறிக்கொண்டே இருப்பது. அரிப்பு, ரத்தக் கசிவு, ஆறாத புண் இவையும் எச்சரிக்கைதான்.

நகத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் உடனே பதற வேண்டாம். நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது சகஜம். ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி, அகலமாகி, நகத்தைச் சுற்றிய தோலிலும் கறுப்பு படர்ந்தால் தாமதிக்காதீர்கள். அடிபட்ட ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும், இது நகராது.

பல டாக்டர்கள், ஒரே முடிவு

இந்த நோய்க்கு ஒரு டாக்டர் மட்டும் போதாது. முதலில் தோல் டாக்டர், வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் சேர்ந்த கருவியால் புள்ளியைப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, கூடுமானவரை புள்ளியை முழுசாகவே எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். பரிசோதனைக்கூட நிபுணர், நோய் தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று மில்லி மீட்டர் கணக்கில் அளப்பார். இந்த அளவை 1970ல் வகுத்துக் கொடுத்தவர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க டாக்டர். சிகிச்சை முழுவதும் அதை வைத்தே அமைகிறது.

பிறகு ஸர்ஜன், ஆழத்துக்குத் தகுந்தபடி சுற்றிலும் ஒன்று அல்லது இரண்டு சென்டி மீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? இந்த நோயும் பெரும்பாலும் அதே வழியில்தான் பரவப் பார்க்கும். அதனால் ஆழமாக இருந்தால், புள்ளி இருந்த இடத்தில் சாயமோ, மிகக் குறைந்த கதிரியக்க மருந்தோ செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நெறியை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். எடுத்த இடத்தில் தோல் ஒட்ட வேண்டுமானால் பிளாஸ்டிக் ஸர்ஜன் வருவார். பரவியிருந்தால் மருந்து சிகிச்சை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள்.

பரவிய பிறகும் இன்று வழி உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோய்மீது ஏவிவிடும் மருந்துகள் 2011 முதல் வந்திருக்கின்றன. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015ல் மெலனோமா மூளை வரை பரவியிருந்தது. ஆபரேஷன், கதிர்வீச்சு, இந்த மருந்து மூன்றுமாகச் சேர்ந்து அவரைக் காப்பாற்றின. 100 வயது வரை வாழ்ந்து 2024ல் காலமானார். ஆனால் உள்ளங்காலில் வரும் வகை இந்த மருந்துக்கு அவ்வளவு சுலபமாகக் கட்டுப்படுவதில்லை; விலையும் அதிகம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தாலோ, பெரும்பாலும் ஆபரேஷனே போதும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

"மருதானே!" என்று சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைத்து வைப்பது, குதிரை முடியால் கட்டுவது, 'ஆணி'க்கு பிளாஸ்திரி ஒட்டி மாதக்கணக்கில் காத்திருப்பது எல்லாம் வேண்டாம். அழகு நிலையத்தில் மச்சத்தைச் சுட்டு எடுப்பதும் கூடாது. சுட்டுவிட்டால் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது. உள்ளே நோய் இருந்தால் அது பாட்டுக்கு வளரும். டாக்டர் ஒரு புள்ளியை எடுத்தாலும், "பயாப்ஸிக்கு அனுப்புகிறீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

மாதம் ஒரு தடவை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில், மருதாணியும் நகப் பூச்சும் இல்லாத சமயமாகப் பார்த்து, மெட்டியைக் கழற்றிவிட்டு, விரல் இடுக்கு, நகம், உள்ளங்கால் எல்லாம் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாத மாமியாருக்கும் அம்மாவுக்கும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. புள்ளியைக் காட்டிவிட்டு, "ஒன்றுமில்லை, போயிட்டு வாங்கம்மா" என்று டாக்டர் சொன்னால், அந்த அலைச்சல் வீண் என்று நினைக்காதீர்கள்.